பதுளை வீதியின் மறு முனை

மட்டக்களப்பு மாவட்டத்திலே செங்கலடிச் சந்தியிலிருந்து மேற்கே திரும்பும் வீதியை எல்லோரும் பதுளை வீதி என்றே அழைப்பார்கள். கறுப்புப் பாலம், கரடியனாறு என்று அவ்வீதியை அண்டிய ஊர்களிலிருந்து யுத்த காலத்தில் பிள்ளைகளையும் பாய் தலையணைகளையும் சுமந்துகொண்டு சந்திக்கு ஓடிவந்த பெண்கள் ஏராளம். சோதனைச் சாவடி, இடம்பெயர்வு, காணாமற் போனவரைத் தேடிய நடை என்று அவ்வீதியோடு அவர்களுக்கு இருக்கும் நினைவுகள் பல. ஆனால் வீதிக்குத் தன் பெயரைக் கொடுத்த ஊரை அவர்களில் பெரும்பாலானோர் கண்டதில்லை.

இவ்வீதியின் அரசாங்கப் பெயர் ஏ5. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா வழியாக வந்து செங்கலடியில் முடிகிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 275 கிலோமீற்றர். நடுவிலே இருக்கும் பதுளை, ஊவா மாகாணத்தின் தலைநகரம். கதிர்காமத்துக்குப் போய்வந்த சகோதரிகள் ஊவாவை ஏற்கெனவே மிதித்தவர்களே. ஏனெனில் கதிர்காமம் இருக்கும் மொனறாகலை மாவட்டமும் பதுளை மாவட்டமும் சேர்ந்ததுதான் ஊவா மாகாணம்.

தலைநகரம் என்றதும் எமக்குக் கொழும்புதான் நினைவுக்கு வரும். கொழும்புக்கு நாம் போனது சுற்றிப்பார்க்க அல்ல. கடவுச்சீட்டுக்காக, வைத்தியசாலைக்காக, சிறைச்சாலையில் இருக்கும் பிள்ளையைப் பார்ப்பதற்காக, ஆணைக்குழுவில் சாட்சி சொல்வதற்காகப் போனோம். கண்டாலே மனம் பதறாத ஒரு தலைநகரத்துக்கு, நாமே அறை எடுத்துத் தங்கி, ஊர் பார்த்துவிட்டுத் திரும்புவது எப்படி என்பதைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

லொட்ஜ் என்ற சொல்

எமது பெண்கள் பலருக்கு 'லொட்ஜ்' என்ற சொல்லைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கும். அதற்குக் காரணம் உண்டு. யுத்த காலத்தில் கொழும்பு லொட்ஜ்களில் வடக்குக் கிழக்குத் தாய்மார் மாதக்கணக்கில் தங்கியிருந்தார்கள். பொலிஸ் பதிவு, இரவுச் சோதனை, "என்ன நோக்கத்துக்காக வந்தாய்?" என்ற கேள்வி ஆகியவற்றுக்கு நடுவில்தான் அவர்கள் தூங்கினார்கள்.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அவர்களில் 85 பேர் பெண்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த நாளே, இப்படி வெளியேற்றக்கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அறைக்குப் பணம் கட்டித் தங்கியிருப்பவரை அவருடைய இனத்துக்காக வெளியேற்ற முடியாது என்பதை ஒரு வழக்குப் போட்டுத்தான் நிலைநாட்ட வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தை அனுபவித்த ஒரு பெண் இன்று ஒரு விடுதியின் வாசலில் தயங்கி நிற்பதை யாரும் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சொல்லக்கூடாது. ஆயினும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெண் தனியாகவோ, பெண்கள் மட்டும் சேர்ந்தோ அறை எடுக்கக்கூடாது என்று இந்நாட்டில் சட்டம் இல்லை. கணவனின் பெயரையோ, கணவன் இருக்கிறாரா இல்லையா என்பதையோ விடுதிக்காரருக்குச் சொல்லவேண்டிய கடமையும் எமக்கு இல்லை.

புறப்படுமுன்

கிழக்கிலிருந்து போகிறவர்களுக்கு பஸ்தான் வசதி. மகா ஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. திருகோணமலைக் கன்னியாவைப் பார்த்தவர்களுக்கு இது புதுமை அல்ல, என்றாலும் முழங்கால் வலியுள்ள அம்மாமாருக்கு இறங்கி இளைப்பாற நல்ல இடம். பிபிலையைத் தாண்டியதும் வீதி மேலே ஏறத் தொடங்கும். லுணுகலைக்கும் பசறைக்கும் இடையில் வளைவுகள் அதிகம், ஒரு பக்கம் பள்ளம். 2021 மார்ச் மாதத்தில் பசறை 13ஆம் கட்டையருகே பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ஆகவே இந்த வழியில் இரவுப் பயணம் வேண்டாம். வான் பிடித்துப் போவதாயின், மலைப்பாதையில் ஓடிப் பழகிய சாரதிதானா என்று முதலில் கேளுங்கள்.

வடக்கிலிருந்து வருகிறவர்கள் பொல்கஹவெலயில் வண்டி மாறி மலைநாட்டுப் புகையிரதத்தில் ஏறுவது வழமை. கொழும்பிலிருந்து பதுளை வரையான இந்தப் பாதை ஏறத்தாழ 290 கிலோமீற்றர். 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் புகையிரதம் வந்தது. பதுளைதான் கடைசி நிலையம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த மழையாலும் மண்சரிவாலும் மலைநாட்டுப் பாதை கடுமையாகச் சிதைந்தது. ஆகையால் வண்டி எங்கிருந்து எங்குவரை ஓடுகிறது என்பதைப் பக்கத்துப் புகையிரத நிலையத்தில் விசாரித்த பின்னரே திட்டமிடுங்கள்.

காலநிலையையும் யோசிக்க வேண்டும். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை பதுளை மலைகளில் கொட்டும். மண்சரிவு அபாயமும் அப்போதுதான் கூட. ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசும். எமக்கு உகந்த காலம் அதுவே. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவைப் போல் நடுங்க வைக்கும் குளிர் இல்லை. எனினும் இரவில் ஒரு போர்வையும், பிள்ளைகளுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் தேவைப்படும்.

அறையைத் தெரிவு செய்தல்

எமது நாட்டில் 'ஹோட்டல்' என்று பலகை தொங்கும் இடங்களில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக் கடைகள்தான். அங்கே தேநீரும் றொட்டியும் கிடைக்கும், படுக்க இடம் கிடைக்காது. தங்குவதற்கென்று இருப்பவை விருந்தினர் இல்லங்கள், லொட்ஜ்கள், வாடி வீடுகள், வீட்டோடு சேர்ந்த அறைகள் ஆகியவை. கோயில், தேவாலயம் ஆகியவற்றோடு சேர்ந்த மடங்களும் சில ஊர்களில் உண்டு. அரசாங்கத் திணைக்களங்களின் சுற்றுலா பங்களாக்களை அத்திணைக்களத்தில் வேலை செய்யும் ஒருவர் மூலமாகப் பதிவு செய்யலாம். உங்கள் ஊரில் ஆசிரியையோ தாதியோ இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

எல்ல என்ற சிறிய ஊர் பதுளையிலிருந்து சுமார் 20 கிலோமீற்றர். இன்று வெளிநாட்டவர் வந்து குவியும் இடம் அதுதான். அங்கே அறைகள் அழகானவை, வாடகையும் வெளிநாட்டவரை மனதில் வைத்தே போடப்படுகிறது. எமக்குப் பொருத்தமானது பதுளை நகரில் தங்கி, எல்லவைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்புவதே. பதுளையில் வைத்தியசாலை, பொலிஸ் நிலையம், வங்கி, பஸ் நிலையம் எல்லாம் அருகருகே இருக்கின்றன. பெண்கள் மட்டும் போகும்போது இந்த அருகாமை பெரிய பலம்.

பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் அறையைத் தேடுங்கள். மாலை நான்கு மணிக்கு முன் ஊருக்குள் சேர்ந்துவிடுங்கள். மலைகள் சூழ்ந்த ஊரில் வெயில் சீக்கிரம் மறையும். ஒரு இடம் பிடிக்காவிட்டால் இன்னொரு இடம் தேட வெளிச்சம் இருக்க வேண்டும். எல்லோரும் பைகளோடு போய் வரிசையாக நிற்காமல், இருவர் மட்டும் உள்ளே போய்ப் பேசுங்கள். மற்றவர்கள் தேநீர்க் கடையில் இருக்கட்டும். பை வெளியே இருந்தால், "வேண்டாம்" என்று சொல்லித் திரும்புவது சுலபம்.

கேட்கவேண்டிய கேள்விகள் சில:

வாடகை அறைக்கா, ஆளுக்கா? சொன்ன விலைக்கு மேல் வரி, சேவைக் கட்டணம் என்று ஏதும் சேருமா? ஒரு மெத்தை கூடுதலாகப் போட எவ்வளவு? காலைச் சாப்பாடு சேர்ந்ததா? எத்தனை மணிக்கு அறையை விட வேண்டும்? சுடுநீர் உண்டா? மதுபானச் சாலை இணைந்திருக்கிறதா? அன்றிரவு திருமண விருந்து ஏதும் நடக்கிறதா? இரவில் கதவைப் பூட்டுகிறவர் யார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்?

பணம் கொடுக்குமுன் அறையைப் பாருங்கள். இது எமது உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். ஜன்னல் கொக்கி சரியாக விழுகிறதா? பக்கத்து அறைக்குப் போகும் நடுக்கதவு இருந்தால் அது யார் பக்கம் பூட்டியிருக்கிறது? குளியலறைக் கதவு உட்பக்கம் பூட்டுமா? தண்ணீர் வருகிறதா? படுக்கை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பொய்க்கால் பொருத்திய சகோதரி ஒருவர் குழுவில் இருந்தால், கீழ்மாடி அறைதான் வேண்டும் என்றும், குந்தும் மலசலகூடம் அவருக்குச் சரிவராது என்றும் முதலிலேயே சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் இடத்தில் தங்கத் தேவையில்லை.

கிழக்கிலிருந்து போன ஒரு மாதர் குழுவுக்கு ஒரு விடுதியில் நடந்ததைக் கேளுங்கள். ஏழு பேர், இரண்டு அறை. முகாமையாளர் முதலில் அவர்களை மேலும் கீழும் பார்த்தார். "கூட ஆண்கள் யாரும் வரவில்லையா?" என்று கேட்டார். குழுவில் மூத்தவர், யுத்தத்தில் கணவனையும் மகனையும் இழந்தவர், "இல்லை மகன், நாங்கள்தான் வந்திருக்கிறோம்" என்றார். அவர் இன்னும் தயங்கினார். "அறை இல்லையென்றால் இல்லையென்று சொல்லுங்கள், நாங்கள் வேறு இடம் பார்க்கிறோம். இருந்தால் திறப்பைத் தாருங்கள்" என்றார் அந்த அம்மா. திறப்பு வந்தது. மாலையில் சுடுநீரும் வந்தது. கோபப்படாமல், கெஞ்சாமல் சொன்ன அந்த இரண்டு வசனங்களை எல்லோரும் பாடமாக்கி வைத்துக்கொள்ளலாம்.

அடையாள அட்டை இலக்கத்தை விடுதிப் பதிவேட்டில் எழுதுவது வழமை. அட்டையைக் காட்டுங்கள், இலக்கத்தைப் பதிந்ததும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்வரை கொடுத்துவைக்க வேண்டாம். பற்றுச்சீட்டு வாங்குங்கள். சில தொலைபேசி இலக்கங்களையும் எழுதி வைத்திருங்கள்: பொலிஸ் அவசர சேவை 119, நோயாளர் காவு வண்டி 1990, பெண்களுக்கான உதவிச் சேவை 1938, சுற்றுலாத் தகவல் 1912.

நகரத்தைச் சுற்றி

பதுளை ஒரு கிண்ணத்துக்குள் இருப்பது போன்ற நகரம். சுற்றிலும் மலைகள், கிழக்கே நமுனுகுல மலைத்தொடர், நகரை அணைத்து ஓடும் பதுளு ஓயா. நமுனுகுல என்றால் சிங்களத்தில் ஒன்பது சிகரங்கள் என்று பொருள். உயரம் 2000 மீற்றருக்கு மேல்.

நகரின் நடுவில் முத்தியங்கன ரஜமகா விகாரை இருக்கிறது. பௌத்தர்கள் புனிதமெனக் கொள்ளும் பதினாறு தலங்களில் இது ஒன்று. உள்ளே போக விரும்பினால் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். வெள்ளைச் சேலை உடுத்த சிங்களத் தாய்மார் மரத்தடியில் கண்மூடி இருப்பார்கள். அவர்களிலும் மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பித் திரும்பப் பெறாதவர்கள் இருக்கக்கூடும். மொழி தெரியாவிட்டாலும் ஒரு புன்னகைக்கு மொழி தேவையில்லை. போக மனம் வராதவர்கள் போகத்தான் வேண்டும் என்றும் இல்லை.

நகரிலுள்ள சென் மாக்ஸ் அங்கிலிக்கன் தேவாலயம் மேஜர் றோஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது. இவர் பதுளையை ஆண்டவர், வீதிகள் போட்டவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்றும் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். யானைகளுக்கு வெடிகொளுத்தி இரவிரவாகக் கண்விழிக்கும் எமது எல்லைக் கிராமப் பெண்கள் இக்கதையைக் கேட்டால் என்ன சொல்வார்களோ தெரியாது. யானையின் காட்டைத் தோட்டமாக்கிய காலம் அங்கேதான் தொடங்கியது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். நகரில் எண்கோண வடிவில் ஒரு பழைய சந்தைக் கட்டடமும் உண்டு. வெலேகடே சந்தை என்பார்கள்.

துன்ஹிந்த நீர்வீழ்ச்சி நகரிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. 64 மீற்றர் உயரத்திலிருந்து தண்ணீர் விழுந்து புகைபோல எழும்பும். வீதியிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுக்குக் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். படிகளும் ஏற்ற இறக்கமும் உண்டு. உடம்பில் செல் துண்டோடு வாழ்பவர்கள், கால் முடியாதவர்கள் தம் பலத்தை அறிந்து போகட்டும். பாதையோரத்தில் உட்கார்ந்து கீழே ஓடும் ஆற்றைப் பார்ப்பதுகூட நல்ல இளைப்பாறல்தான். அருவியடியில் குளிக்க இறங்க வேண்டாம், வழுக்கும் பாறையும் ஆழமும் பலரை ஏமாற்றும். கையில் உணவுப் பொதி இருந்தால் குரங்குகள் விடமாட்டா.

நேரம் இருந்தால் ஹாலி எல பக்கமாகப் போகொட மரப்பாலத்தைப் பார்க்கலாம். ஓடு வேய்ந்த கூரையோடு, ஆணி தெரியாமல் மரத்தை மரத்தோடு பொருத்திக் கட்டிய பழைய பாலம் அது. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர்.

புகையிரதம் ஓடும் நாளாயின் பதுளையிலிருந்து எல்லவுக்கு மூன்றாம் வகுப்பில் போய் வாருங்கள். தெமோதரை நிலையத்தில் பாதை ஒரு பெரிய வட்டம் சுற்றி, அந்த நிலையத்துக்கே அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழையும். பிள்ளைகளுக்கு இதைவிட விளையாட்டு வேண்டியதில்லை. தெமோதரைக்கும் எல்லவுக்கும் நடுவில் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டியது.

தோட்டங்களில் எமது உறவு

நகரத்தைப் பார்த்து முடித்தவர்கள் தோட்டத்தைப் பார்க்காமல் திரும்பக்கூடாது. ஸ்பிரிங்வெளி, தெமோதரை, ஹொப்டன், மடுல்சீமை, பூனாகலை என்று ஊவாத் தோட்டங்கள் மலை மலையாக விரிந்திருக்கின்றன. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் காய்ந்த காற்றால் இந்தத் தேயிலைக்கு ஒரு தனி வாசனை ஏறும். அந்தப் பருவத்து ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. அப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்னையில் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலை இருக்கிறது. அதற்கு மேலே அவர் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்த்த இடத்தை லிப்டன் சீட் என்கிறார்கள்.

துரைமார் உட்கார்ந்த இடத்துக்குப் பலகை இருக்கிறது. கொழுந்து பறித்த பெண்கள் நின்ற இடத்துக்குப் பலகை இல்லை. அவர்களுடைய வரலாறும் பெரியது. 1940இல் பதுளையின் வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் தாமே ஒரு சபையைத் தெரிவு செய்து, அதனோடு கலந்தே தோட்டத்தை நடத்தவேண்டும் என்று துரையை இணங்க வைத்தார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை போயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. ஒரே லயத்தில் அக்கா இங்கும் தங்கை அங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே குடியுரிமை முழுமையாக வந்தது. 1000 ரூபா நாட்சம்பளம் பல வருடப் போராட்டத்தின் பின் 2021இல்தான் கிடைத்தது. பின்னர் அது மேலும் கூட்டப்பட்டது.

எமக்கும் இந்தத் தோட்டங்களுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. 1970களில் தோட்டங்களில் பட்டினி வந்தது. 1977இலும் 1983இலும் வன்செயல்கள் நடந்தன. அப்போது மலையகத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் காடு வெட்டிக் குடியேறின. அங்கேயும் யுத்தம் அவர்களைத் தேடி வந்தது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் முகாமில் கம்பிவேலிக்குள் இருந்தவர்களில் பதுளைத் தோட்டத்தில் பிறந்த பாட்டிமாரும் இருந்தார்கள். இன்று வன்னியில் இருக்கும் எத்தனையோ பெண்களுக்கு அம்மம்மா பிறந்த தோட்டத்தின் பெயர் மட்டுமே தெரியும்.

அப்படிப்பட்டவர்கள் பதுளைக்குப் போகும்போது ஒரு காரியத்தையும் முடித்துக்கொண்டு வரலாம். காணி உறுதி, ஓய்வூதியம், அடையாள அட்டை என்று பல தேவைகளுக்குத் தாயின் அல்லது பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் வேண்டியிருக்கிறது. பிறந்த தோட்டத்துக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பிறந்தவரின் முழுப் பெயர், தாய் தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். பழைய பதிவுகளில் பெயரை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதியிருப்பார்கள். ஆகவே ஒரே பெயரைப் பல உச்சரிப்பில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். இதற்காகப் போகிறவர்கள் வார நாளில், காலையிலேயே போக வேண்டும்.

தோட்டத்துக்குள் போகும்போது சில ஒழுங்குகள் உண்டு. லயம் ஒரு வீடு. அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன, அது காட்சிப்பொருள் அல்ல. முகாமில் நாம் இருந்தபோது வெளியார் வந்து கேட்காமல் படம் எடுத்தது எமக்கு எப்படி இருந்தது என்பதை மறக்கவில்லை அல்லவா? கொழுந்து பறிக்கும் பெண்ணை அவளுடைய அனுமதி இல்லாமல் படம் எடுக்க வேண்டாம். நிறை குறைந்தால் அவள் சம்பளம் குறையும், ஆகவே வேலை நேரத்தில் நிறுத்தி வைத்துப் பேசவும் வேண்டாம். மாலையில் கொழுந்து நிறுத்த பின் போங்கள். கோயிலடியில் உட்கார்ந்து பேசலாம். சாயத் தண்ணியும் றொட்டியும் சம்பலும் வரும். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும், காலில் பூசிக்கொள்ளச் சவர்க்காரம் கொண்டுபோங்கள்.

மனம் கனக்கும் இடங்கள்

இந்த வழியில் இரண்டு இடங்களின் பெயர்களைக் கேட்கும்போது சிலருக்கு நெஞ்சு அடைக்கும். பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி அங்கிருந்த புனர்வாழ்வு முகாமில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பல் ஒன்றால் கொல்லப்பட்டார்கள். வழக்கு நடந்தது. தண்டிக்கப்பட்டவர்களில் எஞ்சியோரையும் 2005இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இன்னொன்று கொஸ்லந்தை மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 30க்கும் மேற்பட்டோர் மாண்டோ காணாமலோ போனார்கள்.

குழுவில் பிள்ளையை இழந்த தாய் இருந்தால் இந்த இடங்களைப் பற்றி முன்கூட்டியே அவரோடு பேசுங்கள். சிலர் இறங்கி ஒரு மெழுகுதிரி கொளுத்த விரும்புவார்கள். சிலர் வண்டி அந்த ஊரைத் தாண்டும்வரை கண்ணை மூடிக்கொள்ள விரும்புவார்கள். இரண்டும் சரிதான்.

இது எமக்குத் தேவையா?

"தாலி இழந்தவளுக்குச் சுற்றுலா ஒரு கேடா?" என்று கேட்க ஊரில் வாய்கள் உண்டு. அந்தக் கேள்வியைவிட, "பிள்ளைகளுக்குச் செலவழிக்க வேண்டிய காசு அல்லவா?" என்று எமது மனமே கேட்பதுதான் கடினம். அதற்கு ஒரு கணக்கு உண்டு. சங்கத்தில் பன்னிரண்டு பேர் வாரம் 100 ரூபா வீதம் ஒதுக்கினால் ஒரு வருடத்தில் ஆளுக்கு 5,200 ரூபா, மொத்தம் 62,400 ரூபா சேரும். இரண்டு விடுதிகளில் விலை கேட்டு, பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் கூட்டி, போதாவிட்டால் இன்னும் மூன்று மாதம் சேருங்கள். நுண்கடன் எடுத்துப் போக வேண்டாம். வட்டி கட்டும் கவலையோடு பார்க்கும் நீர்வீழ்ச்சியில் அழகு தெரியாது.

முகாம், பதுங்கு குழி, அலுவலக வரிசை ஆகியவற்றைத் தவிர வேறு இடங்களையும் எமது கண்கள் பார்க்க வேண்டும். தம் தாய் பயமில்லாமல் ஓர் ஊருக்குள் நுழைந்து, விலை பேசி, அறையெடுத்து, வழி கேட்டு நடப்பதைப் பிள்ளைகளும் பார்க்க வேண்டும். அது அவர்களுக்கு ஒரு படிப்பு.

விடுதியின் பதிவேட்டைத் தள்ளிக் கொடுக்கும்போது பேனாவை நீங்களே வாங்குங்கள். பெயரை உங்கள் கையால் எழுதுங்கள். சில பதிவேடுகளில் வந்த நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் முன்பெல்லாம் வைத்தியசாலை, கடவுச்சீட்டு, சிறைச்சாலை என்று எழுதினோம். இம்முறை "ஊர் பார்க்க" என்று எழுதுங்கள்.